படாங் புல்வெளியில் ராக் கச்சேரி: கடலூர், புதுச்சேரியிலிருந்து சிங்கப்பூர் கிராண்ட் பிரீ போக முழு வழிகாட்டி

2011 அக்டோபரில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் கார் ரேஸ் நடந்தபோது, அதையொட்டி குர்கானில் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் குழு வாசிப்பதாக இருந்தது. கடைசி நேரத்தில் கச்சேரி ரத்தாகி, கோபப்பட்ட கூட்டம் மேடையில் ஏறிவிட்டது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, அதே குழு பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் அங்கே நின்றவர்களில் நானும் ஒருவன். ரேஸ் நடக்கிற ஊருக்குப் பெரிய ராக் குழுக்களும் வரும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இதை வருஷா வருஷம் நடத்துகிற ஊர் சிங்கப்பூர். 2008-இல் அங்கே தொடங்கியது ஃபார்முலா ஒன்னின் முதல் இரவு ரேஸ், அதுதான் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ. 2020, 2021 இரண்டு வருஷம் கொரோனாவால் நின்றதைத் தவிர, ஒவ்வொரு வருஷமும் மூன்று இரவு கார், மூன்று இரவு பாட்டு. லின்கின் பார்க் (2011), தி கில்லர்ஸ் (2013, 2018), பான் ஜோவி (2015), ஆடம் லாம்பர்ட்டுடன் குயின் (2016), ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸும் மியூஸும் (2019), கிரீன் டே (2022), கிங்ஸ் ஆஃப் லியோன் (2023), லென்னி கிராவிட்ஸ் (2024), ஃபூ ஃபைட்டர்ஸும் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸும் எல்டன் ஜானும் (2025). இவர்களில் பலரைக் கேட்க வேண்டுமென்றால் நாம் வேறு எங்கே போவது? இதற்கெல்லாம் தனி டிக்கெட் கிடையாது, ரேஸ் டிக்கெட்டே போதும். அதனால்தான் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

பட்டியல் வரட்டும், எந்த நாள் என்று பாருங்கள், அப்புறம் டிக்கெட்

ரேஸ் நடப்பது செப்டம்பரிலோ அக்டோபர் முதல் பாதியிலோ. வெள்ளி பயிற்சி, சனி தகுதிச் சுற்று, ஞாயிறு ரேஸ். யார் யார் பாடுகிறார்கள் என்ற பட்டியலைப் பல மாதம் முன்பிருந்தே துண்டு துண்டாக வெளியிடுவார்கள்.

முதல் முறை நான் செய்த தப்பு இதுதான். ஒரு இடைத்தரகர் மூலமாக ஒருநாள் டிக்கெட் வாங்கினேன். "நீங்க கேட்ட பேண்டு இந்த நாள்தான் சார்" என்றார், நம்பினேன். கையில் வந்தது வேறு நாள் டிக்கெட். மாற்றித் தரவும் இல்லை, பணமும் திரும்பவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: அதிகாரப்பூர்வ இணையதளத்தில் குழுவின் பெயருக்குப் பக்கத்தில் நாளும் மேடையும் போட்டிருப்பதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒருநாள் டிக்கெட். மூன்று நாள் டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது மண்டலம். மரினா பே தெரு ஓடுதளத்தை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மண்டலம் கார்கள் டயர் மாற்றுகிற பிட் பக்கம். அங்கே வார்ஃப் என்று ஒரு மேடை உண்டு. பெரிய குழுக்கள் ஏறுகிற மேடை, படாங் என்ற புல்வெளியில், நான்காவது மண்டலத்தில் இருக்கிறது. உங்கள் டிக்கெட் எந்தெந்த மண்டலத்துக்குச் செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். அதை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள்.

பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை நான்காவது மண்டல வாக்கபவுட் டிக்கெட். உட்கார இருக்கை கிடையாது. நடந்துகொண்டே பார்க்கலாம், நின்றுகொண்டே கேட்கலாம். இருப்பதில் விலை குறைந்த வகைகளில் இதுவும் ஒன்று. கிராண்ட்ஸ்டாண்ட் இருக்கைக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுத்துவிட்டு, கச்சேரிக்காக இருக்கையை விட்டு எழுந்து ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசைத் தங்குமிடத்தில் போடுங்கள். ரேஸ்தான் உயிர் என்கிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் இருக்கை வாங்கத்தான் வேண்டும், ஏனென்றால் வாக்கபவுட்டில் வேலி ஓரம் நல்ல இடம் பிடிக்க வெயிலிலேயே போய் நிற்க வேண்டியிருக்கும்.

மூன்று நாள் முடியாது, ஒரு நாள்தான் என்றால் வெள்ளிக்கிழமையை யோசியுங்கள். ரேஸ் நாளைவிட டிக்கெட் விலை குறைவு, கூட்டமும் குறைவு.

பாஸ்போர்ட், விசா

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஆறு மாதம் முன்பே புதுச்சேரி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். இருக்கிறவர்கள், பயண நாளிலிருந்து இன்னும் ஆறு மாதத்துக்காவது அது செல்லுமா என்று பாருங்கள்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். நேராகத் தூதரகத்துக்குப் போய்க் கொடுப்பதில்லை, அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம்தான். 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில் 35 க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், வேலைக்கான கடிதம், போக வர டிக்கெட், தங்குமிடம். அரசு வாங்குகிற கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு கொடுத்தால் நிம்மதி.

நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) வீட்டுப் பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களுக்கு விசா வேண்டாம். என்னோடு வந்த நண்பன் அப்படித்தான் கடைசி வாரத்தில் முடிவு செய்து கிளம்பினான். ஆனால் வருகை அட்டை எல்லோருக்கும் உண்டு. சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில், இறங்குகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் அது போலி.

சென்னையா, திருச்சியா

புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னை. கடலூரிலிருந்து கிளம்புகிறவர்கள் திருச்சியையும் கணக்கில் வையுங்கள். தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு, சின்ன விமான நிலையம் என்பதால் வரிசையும் சின்னது. விருத்தாசலம், நெய்வேலிப் பக்கத்து ஆட்களுக்குத் திருச்சிதான் சரி. பறக்கிற நேரம் நான்கு மணி, நாலரை மணி.

சென்னைக்குப் போகிறவர்கள் ஈசிஆர் பஸ்ஸை விட்டுவிட்டுத் திண்டிவனம் வழி பஸ் ஏறுங்கள். கிளாம்பாக்கத்தில் இறங்கினால் விமான நிலையம் அதே ஜிஎஸ்டி சாலையில்தான்.

ஞாயிறு கச்சேரி முடிய நள்ளிரவு ஆகிவிடும். அதனால் ஊர் திரும்புகிற விமானத்தைத் திங்கள் மதியத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு போய்ச் சேர்ந்தால் வெள்ளி காலை தூங்க முடியும். அந்தத் தூக்கம் முக்கியம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தங்குவது

ரேஸ் வாரத்தில் மரினா பே பக்கம் அறை வாடகை தாறுமாறாக ஏறிவிடும். லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். சிராங்கூன் சாலையைச் சுற்றி நடுத்தர விடுதிகளும், படுக்கைக் கணக்கில் வாடகை வாங்குகிற ஹாஸ்டல்களும் நிறைய. இறங்கினால் இட்லி, தோசை. டெக்கா சந்தையில் ஒரு வேளை சாப்பாடு ஐந்து முதல் எட்டு டாலருக்குள் முடிந்துவிடும். கோமள விலாஸ் 1947-இலிருந்து அங்கே இருக்கிறது. ரயில் நிலையங்களில் தமிழில் பெயர்ப் பலகை இருக்கும், முதல் முறை வெளிநாடு போகிறவர்களுக்கு அது கொடுக்கிற தைரியம் சின்ன விஷயமல்ல. கையில் கனமாக ரொக்கம் வேண்டாம். வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, மாற்று அட்டை ஒன்று போதும்.

ரயில் வழி: லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வடகிழக்குத் தடத்தில் டோபி காட், அங்கே மாறி ஒரே நிறுத்தம் சிட்டி ஹால். வெளியே வந்தால் படாங் பக்கம்தான்.

கொண்டுபோகக் கூடாதவை

இதில் விளையாட்டு வேண்டாம். மின்சிகரெட் 2018-இலிருந்து அங்கே தடை. ஹான்ஸ், குட்கா, மெல்லும் புகையிலை எதுவும் பையின் மூலையில்கூட இருக்கக் கூடாது. சூயிங் கம் கொண்டுவரவும் 1992-இலிருந்து தடை. போதைப் பொருளுக்கு அங்கே மரண தண்டனை வரை உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. யார் கொடுத்தாலும் அடுத்தவர் பொட்டலத்தை வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவில் இந்த விதி இன்னும் கடுமை. புதுச்சேரி பீச் ரோடு பழக்கத்தில் பாட்டிலோடு வெளியே உட்கார்ந்துவிடாதீர்கள்.

காலும் காதும்

ரேஸ் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து எல்லோரும் கேமராவைத் தயார் செய்கிறார்கள். நான் முதலில் தயார் செய்யச் சொல்வது கால்களை. மூன்று நாளும் மதியம் மூன்று, நான்கு மணிக்கு உள்ளே போனால் வெளியே வர நள்ளிரவு. அதில் பெரும்பகுதி நிற்பதும் நடப்பதும்தான். ஒரு மாதம் முன்பிருந்தே சாயங்காலம் புதுச்சேரி பீச் ரோட்டில் கோடியிலிருந்து கோடி நாலு முறை நடந்து பழகுங்கள். கடலூர்க்காரர்களுக்குச் சில்வர் பீச் மணல் இருக்கிறது, அது இன்னும் நல்லது. போட்டுக்கொண்டு போகிற ஷூவையே போட்டு நடங்கள். புது ஷூ வாங்கி அங்கே போய் முதல் முதலாகப் போட்டால், முதல் நாள் இரவே குதிகாலில் கொப்புளம்.

அடுத்தது காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதன்படி 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். ராக் கச்சேரி அந்த அளவை எளிதாகத் தொடும். மேடைக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பெங்களூரில் நான் வெறும் காதோடு நின்று, இரண்டு நாள் உள்ளே ஒரு விசில் சத்தத்தோடு திரிந்தேன். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கிற காது அடைப்பான் வாங்குங்கள். அது பாட்டின் எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் குறைக்கும், தெளிவு கெடாது. பஞ்சு வைத்தால் தாளத்தட்டின் கிண்கிணி போய் வெறும் இடிதான் மிஞ்சும். குழந்தைகளோடு போகிறவர்கள் காதை முழுதாக மூடுகிற கவசம் வாங்காமல் போகாதீர்கள். கார்கள் 2014-இல் புது எஞ்சினுக்கு மாறிய பிறகு முன்பைவிடச் சத்தம் குறைவுதான், ஆனாலும் கட்டடங்களுக்கு நடுவே குழந்தைக் காதுக்கு அது அதிகம்.

மூன்றாவது மழை. நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கப்போகிற காலம். அங்கே வருஷம் முழுக்க மழை உண்டு, கொட்டினால் கொட்டோ கொட்டு. 2022-இல் ரேஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. ரேஸ் தள்ளினால் அதற்குப் பின்னால் இருக்கிற கச்சேரியும் தள்ளும். அன்று புல் சகதியாகி, சாக்ஸ் நனைந்து, நடுங்கிக்கொண்டு நின்றோம். பைக்குள் மழைக்கோட்டு, மாற்று சாக்ஸ், போனுக்குப் பிளாஸ்டிக் உறை. குடைக்குப் பின்னால் நிற்பவர் மேடையைப் பார்க்க முடியாது, கோட்டே போதும். மழை இல்லாத நாளில் புழுக்கம். கடலூர் சித்திரையில் வளர்ந்த நமக்கே வேர்த்துக் கொட்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

உள்ளே போன பிறகு

வழக்கமான அட்டவணை இப்படி: வெள்ளி மாலை 5.30-க்கு முதல் பயிற்சி, இரவு 9-க்கு இரண்டாவது. சனி இரவு 9-க்குத் தகுதிச் சுற்று. ஞாயிறு இரவு 8-க்கு ரேஸ், அதாவது நம்ம ஊர் நேரம் மாலை 5.30. ஸ்பிரின்ட் என்ற குட்டி ரேஸும் சேர்த்து நடக்கிற வருஷத்தில் இது மாறும். 2023-இலிருந்து ஓடுதளம் ஏறக்குறைய 4.9 கிலோமீட்டர், 19 திருப்பம், 62 சுற்று. இரண்டு மணி நேரத்தைத் தொடுகிற நீளமான ரேஸ்களில் இது ஒன்று. கார்கள் அடங்கியதும் படாங்கில் பெரிய கச்சேரி.

கார் ஓடாத இடைவெளிகளில் மற்ற மேடைகளில் சின்னக் குழுக்கள் வாசிக்கும். அவற்றை விட்டுவிடாதீர்கள். நூறு பேருக்கு முன்னால், கைநீட்டினால் கிடார் எட்டும் தூரத்தில் கேட்ட சில பாட்டு எனக்குப் பெரிய மேடையைவிட ஆழமாக நிற்கிறது. ஜூன் 21 அன்று புதுச்சேரித் தெருக்களில் உலக இசை நாள் கொண்டாட்டத்தில் சுற்றியவர்களுக்கு இது புரியும்.

ஞாயிறு இரவில்தான் பெரிய கேள்வி வரும்: ரேஸின் கடைசிச் சுற்றுகளைப் பார்ப்பதா, மேடை முன் இடம் பிடிப்பதா? இரண்டும் முழுதாகக் கிடைக்காது. ரேஸ் முடிந்ததைக் காட்டும் கொடி அசைந்த கால் மணி நேரத்தில் நாலா பக்கமிருந்தும் கூட்டம் படாங்கை நோக்கி வரும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் பார்த்தவர்களுக்கு அந்த நெரிசல் புதிதில்லை. நான் செய்வது இது. வெள்ளி, சனியில் காரை வேலி ஓரம் நின்று கண் நிறையப் பார்த்துவிடுவேன். ஞாயிறு 40-ஆவது சுற்று வாக்கில் படாங்குக்கு வந்துவிடுவேன். ஓடுதளம் படாங்கை ஒட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலை வழியாகத்தான் போகிறது. மீதி ரேஸைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டே, நிஜக் கார்கள் பக்கத்தில் சீறுவதைக் காதால் கேட்கலாம்.

எங்கே நிற்பது? முன்வரிசைதான் சிறந்த இடம் என்பது பாதிதான் உண்மை. பாடகரின் முகம் தெரியும், ஆனால் பெரிய ஒலிபெருக்கிகள் உங்கள் தலைக்கு மேல் பின்னால் இருப்பவர்களை நோக்கித் திரும்பியிருக்கும். கேட்க வந்தவர்கள் மைதானத்தின் நடுவில் ஒலிக் கலவைக் கருவி (மிக்ஸர்) வைத்திருக்கிற பந்தலைத் தேடுங்கள். ஒலிப் பொறியாளர் அங்கே உட்கார்ந்து, தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் எல்லோருக்கும் கொடுக்கிறார். அந்தப் பந்தலுக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டில் நின்றால், அவர் கேட்பதே நீங்கள் கேட்பது. இன்னும் பின்னால் கோபுரங்களில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கிகளைக் கொஞ்சம் தாமதித்தே ஒலிக்க வைப்பார்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தாண்ட 0.3 நொடி. அந்தத் தாமதத்தை ஈடுகட்டாவிட்டால், திருவிழாவில் தெருவுக்கு ஒரு குழாய் கட்டி ஒரே பாட்டு நாலு முறை கேட்குமே, அப்படிக் குழம்பும்.

கூட்டத்துக்குள் போன் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று வெளிச்சத்திலேயே ஒரு இடம் பேசி வையுங்கள்.

படாங் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1943 ஜூலை 5 அன்று சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டது இந்தப் புல்வெளியில்தான். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். பக்கத்திலேயே எஸ்பிளனேட் பூங்காவில் அந்தப் படையின் நினைவிடத்தைக் குறிக்கும் கல் இருக்கிறது. ரேஸ் நாட்களில் வழி அடைபட்டிருக்கலாம், வியாழன் இரவோ திங்கள் காலையோ நடந்து போய்ப் பாருங்கள். 2012-இல் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் கார் ஓட்டியதும் இதே படாங்கைச் சுற்றித்தான்.

சிங்கப்பூர் ஒத்துவராவிட்டால்

அபுதாபி ரேஸ். நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, யாஸ் தீவில். 2018-இல் கன்ஸ் அண்ட் ரோசஸ், 2023-இல் ஃபூ ஃபைட்டர்ஸ், 2024-இல் மியூஸ், 2025-இல் மெட்டாலிக்கா. அங்கேயும் ரேஸ் டிக்கெட்டிலேயே கச்சேரி அடக்கம், ஆனால் எந்த நாளுக்கு டிக்கெட்டோ அந்த நாள் கச்சேரி மட்டும். மேடைக்கு நெருங்கி நிற்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ரேஸ் மாலையிலேயே முடிந்துவிடுவதால் சிங்கப்பூர் மாதிரி ஓட்டம் இல்லை. டிசம்பரில் குளிர் காற்று வேறு. துபாய், அபுதாபியில் அண்ணன் தம்பி வேலை பார்க்கிற வீடுகள் நம்ம பக்கம் எத்தனையோ. தங்குமிடச் செலவு மிச்சம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

திரும்பி வருவது

கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் சிட்டி ஹால் நிலையத்துக்குள் நெருக்கியடித்து இறங்குவார்கள். ரேஸ் இரவுகளில் ரயில் நேரத்தை வழக்கமாக நீட்டிக்கிறார்கள், ஆனால் எதுவரை என்பதை அன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த நெரிசலில் இறங்குவதில்லை. ஸ்டாம்ஃபோர்டு சாலை வழியாக டோபி காட் வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், நடந்தே போய்விடுவேன். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரே நிறுத்தம். ரயில் நின்றுவிட்டாலும் மீதியையும் நடந்து கடக்கிற தூரம்தான். வழியெல்லாம் யாராவது அந்த இரவின் பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டு வருவார்கள். காது அடைப்பானைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.